யாரும் தள்ளாதீக

முன்னால் போன பஸ் திடீரென்று பிரேக் போட்டது. பின்னால் வந்த நீல லாரி இடது பக்கம் ஒடித்து மண்ணில் இறங்கி, ஒரு குலுக்குக் குலுக்கி, பெனாசிரின் கடைவாசலை அடைத்துக்கொண்டு அணைந்துபோனது. பெனாசிர் அப்போது மூணு எச்.பி. தண்ணீர் மோட்டார் ஒன்றுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. உத்தமபாளையத்துக்குள் இறங்குகிற அந்தச் சரிவான ரோட்டில் தினமும் பத்து வண்டியாவது இப்படி ஓரங்கட்டும். ஆனால் அடுத்து வந்த சத்தம் அவளை நிமிர வைத்தது. "டக்." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் "டக்." என்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் சுற்றுகிற சத்தம் இல்லை. பேட்டரி செத்த வண்டி இழுத்து இழுத்து முனகுமே, அதுவும் இல்லை. டிரைவர் எரிச்சலில் ஹாரனை அடித்தார். அது ஊருக்கே கேட்கிற மாதிரி அலறியது. காலை வெயிலிலும் முன்விளக்கு பளீரென்று எரிந்தது. கரண்டு நிறைய இருக்கிறது, மோட்டார் மட்டும் சுற்ற மாட்டேன் என்கிறது. பெனாசிர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

லாரியிலிருந்து இறங்கியவர் கர்ணன். ஐம்பதை நெருங்கிய ஆள். வண்டிக்குச் சொந்தக்காரரும் அவர்தான், டிரைவரும் அவர்தான். கிளீனர் உட்கார வேண்டிய இடத்தில் அவருடைய மனைவி ஜோதிலட்சுமி உட்கார்ந்திருந்தாள். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஓடைப்பட்டித் தோட்டத்திலிருந்து ஏற்றிய பன்னீர் திராட்சை, பெட்டி பெட்டியாக. அதன் வாசம் கடைக்குள் வரை வந்தது. கர்ணன் முன் டயரை ஒரு உதை உதைத்தார். எதிரே வாழைக்காய் மண்டியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏப்பா, ரெண்டு கை குடுங்கப்பா! சரிவுதான், லேசா தள்ளுனா எடுத்துக்கிரும்!"

மண்டியில் சுமை தூக்குகிற அம்மாவாசி தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர். ஐந்து பேரும் ரோட்டைக் கடந்து வந்து லாரியின் பின்பலகையில் கை வைக்கப் போனார்கள்.

பெனாசிருக்கு என்ன வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கையில் கிடைத்த ஸ்பேனரோடு வெளியே ஓடினாள்.

"யாரும் தள்ளாதீக! அண்ணே, கைய எடுங்க! வண்டியத் தொடாதீக!"

அம்மாவாசி சுட்டுக்கொண்டவன் மாதிரி கையை எடுத்தான். கர்ணன் திரும்பிப் பார்த்தார். சுடிதாரும் தலையில் இறுக்கிச் சுற்றிய துப்பட்டாவும் கையெல்லாம் வார்னிஷுமாக முப்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள்.

"ஏத்தா, ஒன் கடைய மறிச்சுட்டேன்னுதான கத்துற? தள்ளுனாத்தான வண்டி போகும்?"

"அதுக்கில்லண்ணே. இது எப்பவும் இப்படித்தான் நிக்குமா, இல்ல சில நேரம் மட்டுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் மேலேயிருந்து வந்தது. ஜோதிலட்சுமி ஜன்னலில் தலையை நீட்டினாள். "சில நேரந்தான் பாப்பா. எட்டு மாசமா இதே பாடு. இப்ப நிக்கும், அரை மணி கழிச்சுப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுக்கும். பேட்டரி ரெண்டு மாத்தியாச்சு, செல்ஃப் மோட்டாரு புதுசு, சாவி சுவிச்சும் புதுசு. தேனில காட்டலாம்னு கொண்டு போனா அங்கன ஒரே சாவில எடுக்குது. ஒண்ணுமில்லையே, எதுக்குக் கொண்டாந்தீகன்னு எங்களையே கேக்குறாக."

பெனாசிருக்கு இந்தக் கதை தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. சில நேரம் எடுக்காது என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் வந்த அன்று நன்றாக ஓடியது. ஓடுகிற வண்டியில் எதைத் தேடுவது? இருக்கிற நட்டுகளை எல்லாம் முறுக்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். மறுநாள் அது நடு வயலில் நின்றது. டிராக்டர்காரர் ரோட்டில் நின்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "ஓடுற வண்டிய ஓடுதுன்னு சொல்றதுக்கு எதுக்குய்யா எலக்ட்ரீசியன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடை அவளுடைய அக்கா வீட்டுக்காரர் ரஹ்மத்துடையது. அவர் திட்டவில்லை. "மோட்டாரு போதும்மா. வண்டி நமக்கு வேணாம்," என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து கம்பிச் சுருள் கருகிய மோட்டார்கள்தான். முகர்ந்து பார்த்தாலே என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். எதிலும் தேடுகிற வேலையே இல்லை. டிப்ளமோ படித்த நாட்களில் பரிசோதனைக் கூடத்தில் இருந்த துடிப்பு எங்கே போனது என்று சில மத்தியானங்களில் நினைத்துக்கொள்வாள். அந்த டிராக்டரில் செய்த தப்பு என்ன என்பதை மட்டும் அவள் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்திருந்தாள். இந்த மாதிரிக் கோளாறை அது இருக்கும்போதே பிடிக்க வேண்டும். வண்டி ஓடிவிட்டால் அது ஒளிந்துகொள்ளும். இன்றைக்கு ரஹ்மத் கம்பி வாங்கத் தேனிக்குப் போயிருக்கிறார். கோளாறு கண்ணுக்கு முன்னால், கடைவாசலிலேயே, உயிரோடு நிற்கிறது.

"அண்ணே, இப்ப கோளாறு உள்ள இருக்கு. தள்ளுனீகன்னா வண்டி எடுத்துக்கிரும், அதுவும் ஓடிப்போயிரும். அப்புறம் கொமுளி மலையில ஏதாவது ஒரு வளைவுல திரும்ப வரும். அரை மணி நேரம் குடுங்க."

"அரை மணியா? பன்னெண்டு மணிக்குக் கொமுளி மண்டியில கோட்டயம் வண்டி கெளம்பிரும் தாயி. மண்டிக்கார இப்ராஹிம் பாய் ஒத்த வார்த்தையில சொல்லிட்டாரு, இன்னைக்கும் லேட்டுன்னா அடுத்த வாரத்துலருந்து வேற லாரின்னு."

"தள்ளிக்கிட்டே எத்தன நாளைக்குப் போவீக?" என்று ஜோதிலட்சுமி மேலேயிருந்து கேட்டாள். கணவனைத்தான் கேட்டாள். பிறகு பெனாசிரைப் பார்த்தாள். "இந்த லோடும் போச்சுன்னா வண்டிய வித்துப்புட்டு, திருப்பூருல கம்பெனி வேனு ஓட்டப் போறேங்குறாக. நான் எங்க போறது? பாத்துரு பாப்பா நீ."

கர்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். பெனாசிர் அவருடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடைக்குள் ஓடி, பழைய பம்பின் இரும்புக் கூடு இரண்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து முன் சக்கரங்களுக்கு அடியில் ஒன்று ஒன்றாக வைத்தாள். இனி யார் தள்ளினாலும் வண்டி நகராது.

"பத்தேகால் வரைக்கும்ணே. அதுக்கு மேல நானே வந்து தள்ளுறேன்."

அம்மாவாசி சிரித்துவிட்டான். கர்ணனுக்கும் வேறு வழியில்லை. தள்ளி நின்றார்.

"அக்கா, நீங்க எறங்காதீக. ஆடாம உக்காருங்க. வண்டி இப்ப எப்படி நிக்குதோ அப்படியே நிக்கணும். கைய மட்டும் நீட்டிச் சாவியத் திருப்ப முடியுமா?"

"முடியும். கியரு நூட்டல்லதான் இருக்கு," என்றாள் ஜோதிலட்சுமி. தெரிந்துதான் சொன்னாள் என்பது பெனாசிருக்குப் பிடித்திருந்தது.

வண்டியின் பக்கவாட்டில் பேட்டரிப் பெட்டி இருந்தது. பெனாசிர் கடையிலிருந்து கொண்டுவந்த வோல்ட் மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தாள். பன்னிரண்டரைக்கு மேல் காட்டியது. "திருப்புங்க அக்கா!" மேலே ஜோதிலட்சுமியின் வளையல் சத்தம், உடனே "டக்". பெனாசிர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கொஞ்சம்தான் இறங்கியது. அவளுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. பேட்டரி மோசம் என்றால் மோட்டார் கேட்கிற வேகத்துக்கு எண் தடதடவென்று விழுந்திருக்கும். இது விழவே இல்லை. அப்படியென்றால் மோட்டாருக்குக் கரண்டு போய்ச் சேரவே இல்லை. வழியில் எங்கோ கதவு சாத்தியிருக்கிறது.

"பேட்டரி மேல தப்பு இல்லண்ணே. ரெண்டு பேட்டரியும் சும்மா மாத்தியிருக்காக."

"அத நான் எட்டு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்," என்றாள் ஜோதிலட்சுமி.

சிமெண்டுச் சாக்கை விரித்து, துப்பட்டா முனையைச் செருகிக்கொண்டு, பெனாசிர் வண்டிக்கு அடியில் நுழைந்தாள். எண்ணெயும் மண்ணும் கலந்த வாசம். முகத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் என்ஜின். இதுவரை அவள் லாரிக்கு அடியில் படுத்ததே இல்லை. செல்ஃப் மோட்டார் எது என்று தேட வேண்டியதே இல்லை. அதுவும் ஒரு மோட்டார்தானே, அதன் உடம்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மீட்டர் ஒயர் எட்டவில்லை. கடையிலிருந்து நீளமான கம்பித்துண்டு ஒன்றை எடுத்துவரச் சொன்னாள். அம்மாவாசி ஓடிப்போய் எடுத்து வந்தான். பேட்டரியின் பாசிட்டிவில் ஒரு முனை, மோட்டாரின் தலையில் ஒரு முனை. "திருப்புங்க!" டக். ஒன்றுமில்லை. மீட்டரில் பூஜ்யம். கரண்டு போகிற வழியில் அடைப்பு இல்லை. "இப்ப நெகட்டிவுல வைங்கண்ணே," என்று அடியிலிருந்து சொன்னாள். கம்பியின் மறுமுனையைக் கர்ணனே குனிந்து பேட்டரியின் நெகட்டிவில் வைத்துப் பிடித்தார். பெனாசிர் தன் முனையை மோட்டாரின் இரும்பு உடம்பில் அழுத்தினாள்.

"திருப்புங்க அக்கா!"

டக். மீட்டரில் ஒன்பது.

"மறுபடியும்!"

டக். ஒன்பது.

"மாட்டிக்கிருச்சு!" பெனாசிர் எழப் போய் நெற்றியை எதிலோ இடித்துக்கொண்டாள். வலி தெரியவே இல்லை. "அண்ணே, மாட்டிக்கிருச்சு! அங்க பூஜ்யந்தான் இருக்கணும். ஒம்பது காட்டுது!"

"என்னத்தா அர்த்தம் அதுக்கு?"

"பேட்டரியிலருந்து கெளம்புன கரண்டு மோட்டாரச் சுத்திட்டுத் திரும்பப் பேட்டரிக்கே வரணும்ணே. போற வழி ஒண்ணு, வர்ற வழி ஒண்ணு. எல்லாரும் போற வழியையே மாத்திக்கிட்டு இருந்திருக்காக. அடைச்சிருக்குறது வர்ற வழி."

கர்ணனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

வருகிற வழியில் இரண்டு துண்டுதான். என்ஜினிலிருந்து லாரியின் சட்டத்துக்கு ஒன்று, சட்டத்திலிருந்து பேட்டரிக்கு ஒன்று. பேட்டரிக்குப் போகிற எர்த் ஒயர் புதிது, யாரோ போன மாதம்தான் மாற்றியிருந்தார்கள். அதில் கோளாறு இல்லை என்று மீட்டரும் சொன்னது. மிஞ்சியது என்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற இணைப்பு. பெனாசிர் நகர்ந்து நகர்ந்து அதைத் தேடிப் பிடித்தாள். பார்த்ததும் அவளுடைய உற்சாகம் சட்டென்று வடிந்தது. பெருவிரல் பருமனில் கறுப்பு உறை போட்ட கேபிள். இரண்டு முனையிலும் போல்ட் கெட்டியாக இறுகியிருந்தது. துரு இல்லை. உறையில் ஒரு கீறல் கூட இல்லை. தொட்டு ஆட்டிப் பார்க்கலாம் என்று கை நீட்டியவள், ஆட்டினால் எல்லாம் கலைந்துவிடும் என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாள். இவ்வளவு நன்றாக இருக்கிற ஒன்றில் எப்படிக் கோளாறு இருக்கும்? மீட்டரைத் தப்பாக வைத்துவிட்டோமா? தனக்குத் தெரியாத வேறு ஒரு வழி லாரியில் இருக்குமா? டிராக்டர்காரரின் குரல் காதுக்குள் கேட்டது.

வெளியே கர்ணனின் போன் அடித்தது. "இந்தா வந்துக்கிட்டே இருக்கேன் பாய்... உத்தமபாளையந்தான்... இல்ல பாய், நிக்கல, டீ குடிக்க எறங்குனோம்..." பேசிவிட்டு வந்து குனிந்தார். "பத்தேகால் ஆச்சு தாயி. ஒன்ன ஒண்ணும் சொல்லல. நீ சொன்ன சொல்லுக்கு வெளிய வா, தள்ளிக்கிருவோம்."

பெனாசிர் அந்தக் கறுப்புக் கேபிளையே பார்த்தாள். அசையாமல் படுத்திருந்தாள். மேலே ஜோதிலட்சுமி பெருமூச்சு விடுவது கேட்டது. அவள் யாருக்கும் சொல்லாமல், தனக்குத்தானே புலம்புகிற மாதிரி சொன்னாள்:

"எல்லாம் இந்த வருசந்தான். இதோட நின்னுச்சா? ஆக்சிலேட்டர் கேபிளு ரெண்டு தடவ உருகிக் கருகிப்போச்சு. என்ன கெரகமோ."

பெனாசிர் சட்டென்று தலையைத் திருப்பினாள்.

"அக்கா! என்ன சொன்னீக? கேபிளு உருகுச்சா?"

"ஆமா, மேல ரப்பரு எல்லாம் உருகி ஒட்டிக்கிட்டு... மெதிச்சா எறங்கல. ரெண்டு தடவ மாத்தினோம்."

"சூடு எங்கருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கலையா?"

"சைலென்சர் சூடு பட்டிருக்கும்னாக."

காலால் மிதிக்கிற அந்தக் கேபிள் கேபினிலிருந்து இறங்கி என்ஜினில் வந்து முடிகிறது. அதன் ஒரு முனை சட்டத்தைத் தொடுகிறது, மறுமுனை என்ஜினைத் தொடுகிறது. மெல்லிய இரும்புக் கம்பிதான். பெனாசிர் கையை உயர்த்தி அந்தக் கேபிளின் முனையில் ஒரே ஒரு விரலை வைத்தாள். "திருப்புங்க அக்கா, பிடிச்சுக்கிருங்க, விட்டுறாதீக!" டக். மூன்று எண்ணுவதற்குள் விரல் சுட்டது. பெனாசிர் கையை உதறிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தபடியே சிரித்தாள். அவ்வளவு கரண்டும் தன் பாதை அடைத்துப்போனதால் இந்த ஊசிக் கம்பி வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கிறது. முடியாமல் சூடாகிறது. அப்படியென்றால் அந்தத் தடித்த கறுப்புக் கேபிள் வெறும் வேஷம்தான். மீட்டரின் முனைகளை அதன் இரண்டு போல்ட்டிலும் வைத்தாள். திருப்பச் சொன்னாள். ஒன்பது.

அவள் வெளியே ஊர்ந்து வந்தபோது முகமெல்லாம் கரி. நெற்றியில் இடித்த இடம் வீங்கியிருந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கடைக்குள் ஓடினாள். வெல்டிங் கேபிளில் ஒரு முழம் வெட்டி, இரண்டு நுனியையும் சீவிக்கொண்டு வந்து மறுபடி அடியில் நுழைந்தாள். ஒரு நுனியைச் சட்டத்தில் ஒரு இடுக்கியால் கவ்வ வைத்தாள். மறு நுனியை என்ஜினில் அழுத்திப் பிடித்தாள்.

"அக்கா. இப்ப திருப்புங்க."

என்ஜின் ஒரே மூச்சில் எடுத்தது. அவளுடைய முகத்துக்கு மேலே முழு வண்டியும் உயிர் வந்து நடுங்கியது. வெளியே அம்மாவாசியும் மற்றவர்களும் விசிலடித்துக் கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே ஜோதிலட்சுமியின் கூச்சல் கேட்டது.

"அணைச்சுருங்க!" என்று பெனாசிர் கத்தினாள். அணைந்ததும் கேபிளை எடுத்தாள். "இப்ப திருப்புங்க." டக். மறுபடியும் வைத்தாள். எடுத்தது. அணைக்கச் சொல்லிக் கேபிளை விலக்கினாள். டக். வைத்தாள். எடுத்தது. இத்தனை நாள் நினைத்தபோது வந்து நினைத்தபோது போய்க்கொண்டிருந்த கோளாறு இப்போது அவள் சொல்கிறபடி வந்தது, அவள் சொல்கிறபடி போனது.

கர்ணன் இதைக் கண்கொட்டாமல் பார்த்தார். "நகரு தாயி, நான் ஒருக்கா வச்சுப் பாக்குறேன்," என்று அவரும் வெள்ளை வேட்டியோடு அடியில் நுழைந்தார். கேபிளை அவர் பிடிக்க, என்ஜின் எடுத்தது. அவர் விட, டக் என்றது. வெளியே வந்தபோது அவருடைய முகம் அழுகிற மாதிரியும் சிரிக்கிற மாதிரியும் இருந்தது. "எட்டு மாசம்," என்றார்.

பழைய கேபிளைக் கழற்றி பிளேடால் உறையை நீளமாகக் கீறினாள் பெனாசிர். உள்ளே செம்பு இழைகள் எல்லாம் பச்சைப் பொடியாகியிருந்தன. மலையில் மழைக்காலத்தில் ஏறி இறங்கியபோது நுனி வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வரவே இல்லை. நடுவில் இழைகள் அறுந்து, ஒன்றோடொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. என்ஜின் உட்கார்ந்திருக்கிற ரப்பரும் தேய்ந்திருந்தது. வண்டி மூக்கைக் கீழே வைத்து நின்றாலோ, சட்டென்று பிரேக் போட்டாலோ என்ஜின் ஒரு நூல் முன்னால் சாயும். அந்த ஒரு நூலில் இழைகள் பிரிந்துவிடும். தள்ளிக் கிளப்பி ரோட்டில் ஓட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

"தேனி ஒர்க்‌ஷாப்புல வண்டிய எப்படி நிப்பாட்டுவீக?"

கர்ணன் யோசித்தார். "மேடு. மேட்டுல ஏத்தித்தான் நிப்பாட்டுவோம். மூக்கு மேல பாக்க..." சொல்லிக்கொண்டே தலையில் கை வைத்தார்.

"கூடலூரு டீக்கடை எறக்கம்," என்றாள் ஜோதிலட்சுமி மேலேயிருந்து. "கம்பம் மண்டியில பள்ளத்துல. போடி முக்குல ஆடு குறுக்க வந்து பிரேக் போட்டீகளே, அன்னைக்கு. ஆத்தா! எல்லாமே எறக்கந்தாங்க. ஒண்ணு கூட மேட்டுல நிக்கல!"

புதிய கேபிளைத் தயார் செய்ய இருபது நிமிடம் ஆனது. தடித்த செம்புக் கேபிளின் இரண்டு நுனியிலும் வளையம் அடித்து, போல்ட் உட்காரும் இடத்தை மினுங்கும் வரை தேய்த்து, இறுக்கிக் கட்டினாள். உள்ளே தண்ணீர் போகாமல் வார்னிஷ் பூசினாள். ரப்பரை இந்த வாரமே மாற்ற வேண்டும் என்று கர்ணனிடம் இரண்டு தடவை சொன்னாள். பிறகுதான் ஞாபகம் வந்து, "அக்கா, இனி எறங்கலாம்," என்றாள். ஜோதிலட்சுமி இறங்கினாள். ஒரு மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்த கால்கள் மரத்துப்போய், தரையில் நிற்க முடியாமல் பெனாசிரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை எடுக்கவே இல்லை. அம்மாவாசி இரும்புக் கூடுகளை இழுத்துப் போட்டான். பத்தே ஐம்பது. கர்ணன் ஒரு பெட்டி திராட்சையை இறக்கிக் கடை வாசலில் வைத்துவிட்டு, மறுப்பு எதையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரே சாவியில் எடுத்தது. யாரும் தள்ளவில்லை.

நீல லாரி சரிவில் இறங்கிப் போவதைப் பெனாசிர் பார்த்துக்கொண்டே நின்றாள். பன்னிரண்டுக்குள் அவர்கள் குமுளி போய்ச் சேர்வார்களா, இப்ராஹிம் பாய் என்ன சொல்வார் என்று எதுவும் தெரியாது. சாயங்காலம் ரஹ்மத் மச்சான் வந்து கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசிக்கவில்லை. கீழே ஆற்றுப்பாலத்து முனையில், எதிரே வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டருக்கு வழிவிட எல்லா வண்டிகளும் நின்றன. லாரியும் நின்றது. நல்ல இறக்கம். மூக்கு கீழே பார்த்தபடி அது நிற்க, என்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது.

"என்னக்கா, போச்சா?" என்றான் அம்மாவாசி.

டிராக்டர் நகர்ந்துவிட்டது. முன்னால் இருந்த வண்டிகள் கிளம்பிவிட்டன. லாரி மட்டும் நடு ரோட்டில் அசையாமல் நின்றது. பின்னால் மதுரை பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது. அதன் நடுவே செல்ஃப் எடுக்கிற சத்தம் தெளிவாக மேலே வந்தது. என்ஜின் ஓடியது. உடனே அணைந்தது. மறுபடியும் எடுத்தது. மறுபடியும் அணைத்தார்கள், மறுபடியும் ஒரே சாவியில் எடுத்தது. பின்னால் இன்னும் நாலு வண்டிகள் ஹாரனடித்தன. லாரியின் இடது ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து, வளையல் குலுங்க, கதவின் தகரத்தில் மேளம் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே இருந்தது.